சயாம் நடுவுல நின்ன கதை

என்ன போட்டிருக்கான்? கொஞ்சம் தள்ளிப் புடிங்க சார், கிட்டத்துல வச்சா எனக்கு எழுத்து மொய்க்குது. ம்… "இந்தியா எந்தப் பக்கமும் சேராது." மொதப் பக்கத்துலயே, கட்டம் கட்டி. பேஷ். அமெரிக்காக்காரன் ஒரு பக்கம், ருஷ்யாக்காரன் ஒரு பக்கம், நாம நடுவுல சப்பணம் போட்டு உக்காந்துக்கறோம். ரொம்ப சந்தோஷம்.

சிரிக்கலை சார், இருமல்.

சரி, சிரிச்சேன்தான். உங்ககிட்ட எதுக்கு மறைக்கணும்? நீங்க யாரோ நான் யாரோ. கீழக்கரைதானே போறீங்க? அப்ப பேசலாம், டிரைவர் இன்னும் டீயே குடிக்கலை.

இந்த நடுநிலைமைங்கற சரக்கு இருக்கே, அதுக்குள்ளேயே கடை போட்டு உக்காந்திருந்தவன் நான். சயாம் தேசத்துல. இப்ப தாய்லாந்துங்கறான். சண்டைக்கு முன்னாலயே பேரை மாத்திக்கிட்டான். பேரை மாத்தினா ஆளே மாறிடுவான்னு நெனைப்பு. அதோட விட்டானா? எல்லாரும் தலையில தொப்பி போடணும்னு உத்தரவு. வெத்தலை மெல்லக் கூடாதுன்னு உத்தரவு. சந்தையில கருவாடு விக்கற பொம்பளை தொர மவ மாதிரித் தொப்பி மாட்டிக்கிட்டு உக்காந்திருப்பா. நாகரிகமாம். இப்படி ஒரு நாடு. அதுதான் நடுவுல நின்னுச்சு.

ஹாட்யாய்னு ஊரு. மலாயா எல்லையைத் தாண்டி ரயில்ல வடக்க போனா வர்ற மொத பெரிய ஜங்ஷன். பினாங்கு வண்டியும் பாங்காக் வண்டியும், சிங்கோரா கடற்கரைக்குப் போற கிளை வண்டியும் அங்கதான் கூடும். ஸ்டேஷனுக்கு எதிர்த்தாப்புல என் சாப்பாட்டுக் கடை. கீழ கடை, மேல ரெண்டு ரூம்பு. தாகிர் பாய் கடைன்னா பினாங்கு வரைக்கும் தெரியும். கூட்டாளி என் தங்கச்சி மாப்பிள்ளை, சீனி நெய்னான்னு பேரு. நல்ல சமையல்காரன். அவன் வைக்கிற மீன் ஆணத்துக்கு, அதான் கொழம்புக்கு, ரயிலைத் தவறவிட்டவன்லாம் உண்டு. ஆனா வாய்? அல்லாவே. எதைப் பார்த்தாலும் ஒரு கருத்து. யாரைப் பார்த்தாலும் ஒரு நியாயம்.

நான் அப்படி இல்லை. என் கடையில ஈயச் சுரங்கத்து இங்கிலீஷ் தொரை ஒரு மேசையில உக்காருவாரு, ஜப்பான்காரன் அடுத்த மேசையில உக்காருவான், சீனாக்காரன் ரெண்டு பேரையும் மொறைச்சுக்கிட்டு மூணாவது மேசையில. எல்லாருக்கும் ஒரே சோறு, ஒரே சிரிப்பு. சீனா தேசத்துல இவங்க ஆளுங்க ஒருத்தனை ஒருத்தன் வெட்டிக்கிட்டாங்கன்னா அது சீனாவுல. ஏங் கடையில இல்லை. நடுநிலைமைன்னா இதுதான் சார். வாயை மூடிக்கிட்டு இருக்கறது. சயாம்காரனுக்கு அது வரலை. டமாரம் அடிச்சான்.

ஹிட்லர் சண்டை ஆரம்பிச்சதுமே, "நாங்க யார் பக்கமும் இல்லை"ன்னு சொல்லிட்டாங்க. சரி, சொன்னா சொல்லிட்டுப் போ. அப்புறம் ஒரு சட்டம்: எந்த நாட்டுக்காரன் உள்ள வந்தாலும் ஜனங்க எல்லாரும் எதிர்த்து நிக்கணும், ஆயுதம் இல்லேன்னா வெறுங்கையால, வெளையற நெல்லைக் கொளுத்தியாவது நிக்கணும்னு. அந்தச் சட்டத்தை ஸ்டேஷன் சுவத்துல ஒட்டினாங்க. ஒட்டினது யாரு? எங்க ஊரு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர், புன்மின்னு பேரு. அங்க மரியாதையாக் கூப்பிடறதுக்கு "நாய்"னு சொல்லணும் சார். நாய் புன்மி. சிரிக்காதீங்க, அங்க அதுதான் "திரு". நம்ம சீனி நெய்னா மட்டும் அப்படிக் கூப்பிட மாட்டான். "என்னால ஒரு நல்ல மனுசனை அப்படிச் சொல்ல முடியாது"ன்னு "தம்பி"ன்னு கூப்பிடுவான். அந்த ஆளும் பதிலுக்கு இவனை "தம்பி"ம்பான். அர்த்தம் தெரியாது. ரெண்டு கிறுக்கும் ஒண்ணையொண்ணு தம்பி தம்பின்னு கூப்பிட்டுக்கிட்டு அடுப்பங்கரையில உக்காந்து பேசும்.

புன்மி அந்தச் சட்டத்தை நம்பினான் சார். அதுதான் வேடிக்கை. போட்டவனே நம்பாத சட்டத்தை இவன் நம்பினான். "தாகிர், நடுவுல நிக்கறதுன்னா ரெண்டு பக்கமும் கதவைச் சாத்தி வைக்கிறது. எவனாவது ஒடைச்சா அவனைச் சுடறது"ம்பான். நான் சொன்னேன், "நாய் புன்மி, கதவைச் சாத்தினா எனக்கு வியாபாரம் எப்படி நடக்கும்?"னு. சிரிச்சான். பல்லு நல்லா வெள்ளையா இருக்கும் அவனுக்கு.

அந்த சமயத்துலதான் மொரிதா வந்தான்.

மொரிதா ஜப்பான்காரன், போட்டோ புடிக்கிறவன். மாடி ரூம்பை வாடகைக்குக் கேட்டான். ரூம்பு சும்மாதான் கெடந்துச்சு. குடுத்தேன். மரியாதையான ஆள் சார், குனிஞ்சு குனிஞ்சு வணக்கம் போடுவான். ஊர்ல ஒருத்தன் பாக்கி இல்லாம போட்டோ புடிச்சான். நிக்காஹ்வா, சீனன் வீட்டுப் பொறந்த நாளா, புத்த சாமியார் மண்டையைப் போட்டாரா, இவன் பொட்டியைத் தூக்கிட்டுப் போயிடுவான். எனக்கும் ஒண்ணு புடிச்சுக் குடுத்தான், தொப்பியோட. இப்பவும் வீட்டுல இருக்கு.

பாலத்தையும் புடிப்பான். ரயில் கொட்டகையையும் புடிப்பான். நான் மீன் வாங்க சிங்கோராவுக்குப் போறப்போ, "நானும் வர்றேன் தாகிர், கடல் காத்து நல்லது"ன்னு கூட வருவான். நான் மீன் பேரம் பேசி முடிக்கிறவரைக்கும் அவன் கடல்ல எறங்கி குளிப்பான். மொழங்கால் வரைக்கும் போவான், இடுப்பு வரைக்கும் போவான், அப்புறம் வேற எடத்துல எறங்கிப் போவான். குளிக்கறவன் ஒரே எடத்துல குளிச்சா என்ன? நான் கேக்கலை. ஒருத்தன் குளிக்கறதை இன்னொருத்தன் விசாரிக்கலாமா?

சீனி நெய்னாதான் மொணமொணன்னு ஆரம்பிச்சான். "மச்சான், அவன் படம் புடிக்க வந்தவன் இல்லை. கரையை அளக்கறான். அவனைக் காலி பண்ணச் சொல்லுங்க, இல்லேன்னா புன்மிகிட்ட சொல்லுங்க."

"சொல்லி? நாளைக்கு இங்கிலீஷ் தொரை பேர்ல ஒருத்தன் வந்து இப்படியே சொல்லுவான், அவரையும் காலி பண்ணச் சொல்லவா? நாம சோத்துக்கடைக்காரங்க மச்சான். நமக்கு எல்லாரும் வாய்தான்."

நெய்னாவே போய் ஏதோ சொல்லியிருக்கான் போல. புன்மி ஒரு நாள் வந்தான், சீருடையில. மேசையில உக்காராம நின்னுக்கிட்டே கேட்டான்.

"தாகிர், உன் மாடியில இருக்கறவன் என்னென்ன படம் புடிக்கிறான்?"

"கல்யாணம், கருமாதி."

"கடற்கரையில?"

"குளிப்பான்."

"வேற எதாவது பாத்தியா? யோசிச்சுச் சொல்லு. நீ சொன்னா ரூம்பைச் சோதனை போடுவேன். நீ பாக்கலைன்னா எனக்கு மேலேருந்து உத்தரவு வராது. ரெண்டு பக்கத்தையும் ஒண்ணாத்தான் நடத்தணும்னு மேலே இருந்து சொல்றாங்க."

நான் என்னத்தைப் பாத்தேன் சார்? என் வேலையைப் பாத்தேன். அதைத்தான் சொன்னேன். "நாய் புன்மி, உங்க நாடே யார் பக்கமும் இல்லைங்குது. நான் பொழைக்க வந்தவன், எனக்கு எதுக்குப் பக்கம்?" அவன் அடுப்பங்கரைக்குப் போயி நெய்னாவைப் பாத்துத் தலையை ஆட்டிட்டுப் போயிட்டான்.

பஸ்ஸை எடுத்துட்டான். ஜன்னலை ஏத்தி விடுங்க சார், புழுதி.

அது மழைக் காலம். ஒரு நாள் விடியக்காலையில சிங்கோரா பக்கம் இடி இடிக்குது. மழைன்னு படுத்திருந்தேன். இடி நிக்கலை. எந்திரிச்சு வந்தா ஜனங்க ஸ்டேஷனைப் பாக்க ஓடுது. சிங்கோராவுல ஜப்பான் கப்பல் கப்பலா எறங்கிட்டானாம், நாங்க மீன் வாங்கற அதே கரையில. மாடிப்படியில யாரோ பூட்ஸு காலோட எறங்கறான். பாத்தா மொரிதா. பட்டாள உடுப்பு, இடுப்புல கத்தி. அன்னைக்கும் குனிஞ்சு வணக்கம் போட்டான் சார்! "தாகிர், இன்னைக்கு நெறையப் பேருக்குச் சோறு வேணும்"னான்.

புன்மி போலீஸ்காரங்களைச் சேத்துக்கிட்டு சிங்கோரா ரோட்டுப் பாலத்துக்குப் போயிட்டான். சட்டம் இருக்குல்ல, சுவத்துல ஒட்டின சட்டம். பழைய துப்பாக்கி, ஆளுக்குக் கொஞ்சம் தோட்டா. எதிர்ல டாங்கி வருது. நின்னான் சார். காலையில இருந்து நின்னான். உள்ள வந்தவன் எவனா இருந்தாலும் எதிர்க்கணும்னு சொன்னாங்க, எதிர்த்தான்.

பாங்காக்ல மந்திரிமாருங்க என்ன பண்ணிக்கிட்டு இருந்தாங்க? பேசிக்கிட்டு இருந்தாங்க. ஜப்பான் தூதர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "உங்க நாட்டுமேல எங்களுக்கு ஆசையே இல்லை. மலாயாவுக்கும் பர்மாவுக்கும் போறதுக்குப் பாதை மட்டும் விடுங்க." பாதை மட்டும்! பாதை மட்டும் கேட்டவன் பாதையோட போவானா? அந்தப் பெரிய மண்டைங்களுக்கு இது கூடவா தெரியாது? பேசிப் பேசி, கடைசியில "சுடறதை நிறுத்து, வழி விடு"ன்னு தந்தி அடிச்சாங்க. அந்தத் தந்தி ஹாட்யாய்க்கு வந்து, அதை ஒருத்தன் சைக்கிள்ல பாலத்துக்கு எடுத்துட்டுப் போனப்போ, புன்மி பாலத்தடியில தண்ணியில கெடந்தான்.

சீனி நெய்னாதான் போயித் தூக்கினான். வண்டியில போட்டு அவன் வீட்டுல கொண்டுபோயி விட்டுட்டு வந்தான். சட்டையெல்லாம் சேறு. அப்படியே அடுப்பங்கரையில உக்காந்தான். நான் சொன்னேன், "மச்சான், குளிச்சுட்டு உலையை வை, பட்டாளம் வந்து உக்காந்திருக்கு." அவன் என்னை நிமிந்து பாத்தான். எந்திரிக்கலை. அன்னைக்கு உலையை நானே வச்சேன்.

பாத்தீங்களா, நடுவுல நின்ன நாடு எப்படி எறங்குச்சுன்னு? மொதல்ல பாதை. அப்புறம் பாதைக்குக் காவல் வேணும்னான், சரி. காவலுக்குக் கொட்டாய் வேணும்னான், சரி. அந்த மாசம் முடியறதுக்குள்ள புத்தர் கோயில்ல வச்சு சத்தியம் பண்ணி ஜப்பானோட சேந்தாச்சு. சேந்தா சும்மா இருக்க முடியுமா? தை மாசத்துல இங்கிலாந்து மேலயும் அமெரிக்கா மேலயும் சண்டைன்னு அறிக்கை விட்டாங்க. அமெரிக்கா எந்தத் திசையில இருக்குன்னு எங்க தெருவுல ஒருத்தனுக்கும் தெரியாது. அவன்மேல சண்டை! அப்புறம் அவன் ஏரோப்ளேன் வந்து பாங்காக் தலையில குண்டு போட்டப்போ, "ஐயோ, நாங்க என்ன பண்ணோம்?"ங்கறான். மானங்கெட்ட சென்மங்க.

நான் மாறலை சார். ஒரே மாதிரிதான் இருந்தேன். முன்னாடி இங்கிலீஷ் தொரைக்குச் சோறு போட்டேன். அவரைப் புடிச்சு அடைச்சுட்டாங்க. இப்ப ஜப்பான் பட்டாளத்துக்குச் சோறு போட்டேன். ஸ்டேஷன் வழியாப் போற பட்டாளத்துக்கெல்லாம் நாந்தான் காண்ட்ராக்ட். மொரிதாதான் புடிச்சுக் குடுத்தான். பழகின பழக்கம். கடை நிறைய அரிசி மூட்டை. ஊரே கப்பக்கெழங்கு தின்னப்போ நாங்க அரிசி தின்னோம். நெய்னாவும்தான் தின்னான்! தின்னுட்டு மொரிதா மேசைக்கு மட்டும் பரிமாற மாட்டான். புன்மி வீட்டுக்கு மூட்டையிலேருந்து அரிசி அள்ளிக்கிட்டுப் போவான். நான் பாத்தும் பாக்காத மாதிரி இருந்தேன். அதுக்கு ஒரு நன்றி உண்டா?

அப்புறம் அந்த ரயிலுங்க வர ஆரம்பிச்சுது.

மலாயாத் தோட்டத்து ஆளுங்க சார். நம்ம ஜனங்க. கெடா, பேராக் பக்கத்து ரப்பர்த் தோட்டங்கள்லேருந்து, கூட்ஸு பொட்டியில அடைச்சு. சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவுல காட்டுக்குள்ள ஜப்பான்காரன் ரயில் பாதை போட்டான்ல, அதுக்குக் கூலிக்கு. மூணு மாச வேலை, நல்ல சம்பளம், அப்புறம் வீடுன்னு சொல்லி ஏத்தி விட்டிருக்கான். ஹாட்யாய்ல வண்டி தண்ணி புடிக்க நிக்கும். கதவைத் தொறந்து விடுவாங்க. அவங்க எட்டிப் பாத்தா ஸ்டேஷன்ல ஒரு தமிழ் குரல் கேக்கும். என்னோட குரல்தான். "அய்யா, இது எந்த ஊரு? அய்யா, எங்களை எங்க கொண்டுபோறாங்க?"ன்னு ஒரே சத்தம். ஒரு பொம்பளை, "அண்ணே, நீங்க ராம்நாட்டா?"ன்னு கேட்டுட்டு அழுதா. பேச்சை வச்சே கண்டுபுடிச்சுட்டா.

ஹாட்யாய்ல எறங்கிட்டா தப்பிச்சுடலாம் சார். தெக்க நடந்தா எல்லை, அதுக்கப்பால தெரிஞ்ச தோட்டம். அதைத் தாண்டி வண்டி வடக்க போயிட்டா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது. ஆளுங்களுக்கும் அது எப்படியோ தெரிஞ்சுபோச்சு. எறங்கி ஓட ஆரம்பிச்சாங்க. காவலுக்கு சிப்பாய் கொஞ்சம் பேருதான். மொரிதா எங்கிட்ட வந்தான்.

"தாகிர், உன் பாஷைதானே? நீ பேசு. உன்னை நம்புவாங்க."

"என்ன பேசணும்?"

"பயப்பட வேண்டாம், போற எடத்துல வேலை இருக்கு, சோறு இருக்கு, ஆஸ்பத்திரி இருக்கு. அவ்வளவுதான்."

அவ்வளவுதான். அவன் சொன்னதை நான் தமிழ்ல சொன்னேன். தபால்காரன் கொண்டு வர்ற கடுதாசியை தபால்காரனா எழுதினான்? ஒவ்வொரு வண்டிக்கும் பிளாட்பாரத்துல நின்னு சொல்லுவேன். நல்ல கணீர்னு கொரல் சார் எனக்கு அப்ப. சொன்னா அடங்கி உக்காந்துடுவாங்க. கையில சோத்துப் பொட்டலமும் குடுப்பேன், சும்மா இல்லை. என் பேச்சைக் கேட்டு நிம்மதியாப் போனாங்க. அது ஒரு உபகாரம் இல்லையா?

ஒரு நாள் விறகுக் கொட்டாய்ல ஒரு ஆள். நெய்னா ஒளிச்சு வச்சிருக்கான். அந்தக் காட்டுலேருந்து நடந்தே வந்தவன். ஆளா அது? காலு ரெண்டும் புண்ணு, எலும்பு தெரியுது. வாயைத் தொறந்தா ஒரே பேச்சுதான்: காலரா வந்தவனை உசுரோட குழியில தள்ளறான், எங்க கொட்டாய்ல எல்லாரும் போயிட்டாங்க. திரும்பத் திரும்ப அதையே சொல்றான்.

"கேட்டீங்களா மச்சான்?"ன்னான் நெய்னா.

"கேட்டேன். ஒரு ஆள் சொல்றது. காய்ச்சல்ல பெனாத்தறான்."

"இனிமே பிளாட்பாரத்துக்குப் போகாதீங்க. நோன்பு மாசம் மச்சான். அல்லாவுக்காக."

"நான் போகலைன்னா வேற எவனையாவது கூட்டிட்டு வருவான். அவன் சோறாவது குடுப்பானா? இந்த ஆளை இங்க வச்சிருந்தா கடைக்கே தீ வச்சுடுவான். பொழுது சாயறதுக்குள்ள அனுப்பிடு."

அனுப்பினான். இல்லை, நான்தான் போகச் சொன்னேன். போனான். எங்க போனானோ.

மறுநாள் ஒரு வண்டி வந்துச்சு. நான் வழக்கம்போல நின்னு பேசறேன். "பயப்படாதீங்க, போற எடத்துல வேலை இருக்கு, சோறு இருக்கு…" பின்னால இருந்து ஒரு கொரல். "பொய்! எல்லாம் பொய்! போனவன் ஒருத்தன் திரும்பலை! எறங்கி ஓடுங்க!" சீனி நெய்னா. எங் கூட்டாளி. எங் கடையில சாப்பிட்டு வளந்த ஆளு. பிளாட்பாரத்துல அடுக்கியிருந்த என் அரிசி மூட்டை மேல ஏறி நின்னுக்கிட்டு, ஏங் கொரலுக்கு எதிர்க் கொரல் குடுக்கறான். பொட்டி பொட்டியாக் குதிச்சாங்க சார். தண்டவாளத்தைத் தாண்டி, வேலியைத் தாண்டி, பொம்பளைங்க புள்ளையைத் தூக்கிக்கிட்டு. சிப்பாய் வானத்தைப் பாத்துச் சுடறான், எவன் கேக்கறான்? ஒரு பொட்டி பூரா காலியாப்போச்சு.

முட்டாத்தனமா இல்லையா? பொண்டாட்டி இருக்கா, ஊர்ல ஒரு பொம்பளைப் புள்ளை இருக்கு. யாரோ தோட்டக் கூலிங்களுக்காக இப்படி ஒருத்தன் பண்ணுவானா? எந்தப் பக்கமும் சேராம கம்முன்னு இருந்திருந்தா இன்னைக்கு ஹயாத்தா, உசுரோட இருப்பான்.

புடிச்சுட்டாங்க. துப்பாக்கிக் கட்டையால அடிச்சு மொரிதா முன்னால நிறுத்தினாங்க. மொரிதா என்னைப் பாத்து மலாய்ல கேட்டான், மரியாதையாத்தான் கேட்டான்: "தாகிர், இவன் உன் ஆளா?"

சார், அந்த எடத்துல நீங்களா இருந்தா என்ன சொல்வீங்க? யோசிச்சுச் சொல்லுங்க. ஆமான்னு சொன்னா நானும் போவேன், கடையும் போகும். இல்லேன்னு சொன்னா அது பொய்யி, நோன்பு மாசம். நான் ரொம்பப் பக்குவமாச் சொன்னேன். "தொரை, நான் எந்தப் பக்கமும் இல்லை. உங்களுக்கும் அவனுக்கும் உள்ளதை நீங்களே பாத்துக்கங்க." அவ்வளவுதான். ஆமான்னும் சொல்லலை, இல்லேன்னும் சொல்லலை. சொன்னேனா? நீங்களே சொல்லுங்க.

மொரிதா தலையை ஆட்டினான். ஓடினவங்களுக்குப் பதிலா ஆளு வேணும்ல? காலியான பொட்டியில அவனை ஏத்திட்டாங்க. வண்டி கெளம்பிடுச்சு. நான் கடைக்கு வந்து உலையைப் பாத்தேன். மத்தியான வண்டிக்குச் சோறு வேணும்.

அப்புறம் அவனைப் பத்தி ஒரு சேதியும் இல்லை. மவுத்தாத்தான் போயிருப்பான்.

சண்டை முடிஞ்சுது. இப்ப கேளுங்க சார், சயாம்காரன் கெட்டிக்காரத்தனத்தை. ஜப்பான் கையைத் தூக்கின மறுநாளே பாங்காக்லேருந்து அறிக்கை: "நாங்க இங்கிலாந்து மேலயும் அமெரிக்கா மேலயும் சண்டை போட்டதாச் சொன்னது செல்லாது. ஜனங்க இஷ்டப்படி நடக்கலை. அதனால அது நடக்கவே இல்லைன்னு வச்சுக்கங்க." செல்லாது! வேலை முடிஞ்சுது! அமெரிக்காக்காரன் "சரி, நீ எனக்கு எதிரியே இல்லை"ன்னுட்டான். இங்கிலீஷ்காரன் கொஞ்சம் மொறைச்சான், கொஞ்சம் அரிசி வாங்கிக்கிட்டான், அவனும் கை குடுத்துட்டான். பட்டாளத்தோட ஹாட்யாய்க்கு வந்தவன் எங் கடையிலதான் சாப்பிட்டான். "ஜப்பான்காரனுக்குச் சோறு போட்டியா?"ன்னு ஒரு தொரை கேட்டாரு. "யாரு வந்தாலும் போட்டேன் தொரை, உங்களுக்கும் போடறேன்"னேன். சிரிச்சுட்டுப் போயிட்டாரு. அவ்வளவு பெரிய சர்க்காரே எங்கிட்ட குத்தம் பாக்கலை சார்.

எந் தங்கச்சி பாக்கறா. பாத்துமுத்துன்னு பேரு. நெய்னா பொண்டாட்டி.

கடையை வித்துட்டு ஊருக்கு வந்து சேந்தப்போ, எனக்கு முன்னாலயே சேதி வந்து உக்காந்திருக்கு. அன்னைக்குக் குதிச்சு ஓடினவன்ல ஒருத்தன், வெள்ளைச்சாமின்னு, திருப்புல்லாணிப் பக்கத்து ஆளு. ஓட முடியாம என் அரிசி மூட்டைக்குப் பின்னாலயே ஒளிஞ்சு கெடந்திருக்கான் பாவி. மொரிதா கேட்டதையும் நான் சொன்னதையும் கேட்டிருக்கான். தோட்டத்தானுக்குத்தான் மலாய் தெரியுமே. தேடிக்கிட்டு வந்து அவகிட்ட ஒண்ணு விடாம ஒப்பிச்சுட்டான். இப்பவும் பெருநாளுக்குப் பெருநாள் வர்றான். கூடை நெறைய முருங்கைக்காயும் மாம்பழமும் தூக்கிக்கிட்டு. அவனை உள்ள உக்கார வச்சு சோறு போடறா, தட்டுல கையைக் கழுவத் தண்ணி ஊத்தறா. கூடப் பொறந்தவன் நான், வாசல்ல நிக்கிறேன். புள்ளை நிக்காஹ்வுக்குக் கூட ஒரு சொல் இல்லை. ஊர்ல எவனும் என்னை ஒண்ணும் கேக்கலை, இவ ஒருத்திதான்.

போன பெருநாள்ல நானே போனேன். எத்தனை நாளைக்குத்தான்? கதவுக்கு அந்தப் பக்கம் அவ, இந்தப் பக்கம் நான். பொறுமையா எடுத்துச் சொன்னேன் சார். சயாம் கதையைச் சொன்னேன். "இந்தா பாரு பாத்துமுத்து, ஒரு நாடே சண்டை போட்டுட்டு, அது செல்லாதுன்னு சொன்னுச்சு. உலகம் ஒத்துக்கிச்சு. நான் சண்டையா போட்டேன்? ஒரு வார்த்தை. அது ஆமாவும் இல்லை, இல்லையும் இல்லை. அன்னைக்கு இருந்த நெலைமை அப்படி. அதைச் செல்லாதுன்னு வச்சுக்க. அவ்வளவு பெரிய அமெரிக்கா மறந்துட்டான், நீ மறக்க மாட்டியா?"ன்னு கேட்டேன். என்னைவிட நியாயமா யாரு பேச முடியும்?

உள்ள போயிட்டாளோன்னு நெனைச்சேன். அப்புறம் கேட்டா, அண்ணன் மொறை வச்சுக் காக்கான்னு கூப்பிட்டே.

"காக்கா, அவுக அந்த வண்டில ஏறும்போது கால்ல செருப்பு கெடந்துச்சா?"

பாருங்க சார்! பொம்பளைப் புத்தியைப் பாருங்க. நான் சயாம் சர்க்காரைப் பத்திப் பேசறேன், அமெரிக்காவைப் பத்திப் பேசறேன். இவ செருப்பைப் பத்திக் கேக்கறா! இவகிட்ட என்னத்தை அரசியல் பேசறது? தலையில அடிச்சுக்கிட்டு வந்துட்டேன்.

கண்டக்டர்! யோவ் கண்டக்டர்! இந்த விலக்குல நிறுத்துப்பா, நான் எறங்கிக்கறேன். கீழக்கரை வரலைதான், தெரியும். பஸ்ஸு அவ வீட்டு வாசல் வழியாத்தான் ஊருக்குள்ள போகும். நான் இப்படி உப்பளத்துப் பக்கமா சுத்திப் போயிடுவேன். வெயில் என்ன பெரிய வெயிலு, சயாம்ல பாக்காத வெயிலா. கொஞ்சம் காலை எடுத்துக்கங்க சார், பை மாட்டிக்கிச்சு.

என்ன? என்ன கேட்டீங்க?

செருப்பா? எனக்கு எப்படி சார் தெரியும்? நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லையே.